வீடு வந்தது, தாள் வரவில்லை

எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த பையன் என்னிடம் ‘அண்ணாச்சி’ என்பான். போனில் அம்மா பேசினால் ‘ஓம் அம்மா’ என்பான். ஊர் எது என்றால் பழவிளை முகாம். பிறந்ததே இங்கேதான்.

இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பின் கடல் தாண்டி வந்தவர்களைக் குமரி மாவட்டத்தில் பழவிளை, பெருமாள்புரம், கோழிவிளை, ஞாறாம்விளை என்று நான்கு இடங்களில் குடிவைத்தார்கள். பத்துக்குப் பத்து அறை, கிலோ 57 பைசாவுக்கு அரிசி. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொலையானபின் கெடுபிடி ஏறியது. நாகர்கோவில் கோட்டாறு சந்தையில் மூட்டை தூக்கினாலும், ஆள் கணக்கெடுக்கும் நாளில் முகாமில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பெயர் வெட்டுப்படும், அரசு தரும் மாதப் பணக்கொடையும் போகும்.

2021இல் தமிழக அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. மாநிலம் முழுக்க 7,469 வீடுகள். குடும்பத் தலைவருக்கான பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. அகதிகள் முகாம் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. வேடிக்கை என்னவென்றால், இந்தியச் சட்டத்தில் அகதி என்று ஒரு வகையே கிடையாது. தாள்களில் இவர்கள் சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு சலுகை தந்தது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்கள்மேல் பாஸ்போர்ட், விசா இல்லை என்று வழக்கு வராது. அவ்வளவுதான்.

நாகர்கோவில் 2019இல் மாநகராட்சியானது, கோட்டாறும் அதற்குள்தான். முகாமோ தாசில்தார் பொறுப்பு, கண்காணிப்பு கியூ பிரிவு போலீஸ். ஓட்டில்லாத வாசலுக்கு எந்தக் கவுன்சிலர் வருவார்? நியூயார்க் மாநகராட்சி 2015 முதல், குடியேற்ற நிலையைக் கேட்காமலே நகர அடையாள அட்டை கொடுக்கிறது. நம் ஊர் மாநகராட்சிக்கு அப்படி ஒரு யோசனை வந்ததாகக்கூடத் தெரியவில்லை.

1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2022இல் உயர் நீதிமன்றம் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது சட்டம். நம் பையன் பிறந்தது அதற்குப் பல வருடம் கழித்து.

கூடப் படித்தவர்கள் வளைகுடாவுக்குப் போகும்போது, திருவனந்தபுரம் ரயிலுக்கு அவன்தான் பெட்டி தூக்கிக்கொண்டு கோட்டாறு ஸ்டேஷன்வரை போவான். பலகையில் நாகர்கோவில் சந்திப்பு என்றிருக்கும். எங்களுக்கு அது கோட்டாறு ஸ்டேஷன். ரயில் போனதும் பிளாட்பாரத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வேலைக்கு வந்துவிடுவான்.

“இன்னிக்கு ரெண்டாவது கோட்டு அடிச்சிரலாம், அண்ணாச்சி.”