காணியின் விலையும் பிள்ளையின் படிப்பும்

காணி இருக்கும், கையில் காசு இருக்காது. கமக்காரர் எல்லோரும் அறிந்த நிலை இது. மழை பிழைத்த வருடத்திலும் காணியின் பெறுமதி குறைவதில்லை. அந்தப் பெறுமதியைக் கணக்கிட்டு வரி அறவிட்டு, அவ்வரியைக் கொண்டே ஊர்ப் பாடசாலையை நடத்தினால் என்ன நேரும்? ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநில மக்கள் இக்கேள்விக்கு முகம் கொடுத்தார்கள். அவர்களின் அனுபவத்தை இங்கு நோக்குவோம்.

அமெரிக்காவில் அரசாங்கப் பாடசாலைகளுக்கான பணத்தில் பெரும் பங்கு, அந்தந்த ஊரின் வீடு, காணி, கடைகள் மீதான ஆதனவரியிலிருந்து வருகிறது. செல்வந்தர் வாழும் ஊரில் சிறு வரியே பெருந்தொகையைத் தரும். ஏழை ஊரிலோ மக்கள் கூடிய வீதத்தில் வரி செலுத்தினாலும் சேர்வது சொற்பம். இது அநீதி என்று ரெக்சாஸ் மாநிலத்தின் ஏழைப் பெற்றோர் 1968இல் வழக்குத் தொடுத்தனர். 1973இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால் அதனை நிராகரித்தது. பரிகாரம் தேடும் பொறுப்பு மாநிலங்களின் கையிலேயே இருந்தது.

மிச்சிகனின் வடபகுதியில் கல்காஸ்கா என்ற கிராமப்புற வட்டாரம் உண்டு. அங்கு வரியை உயர்த்த வாக்காளர் சம்மதிக்கவில்லை. பணம் தீர்ந்தது. 1993 மார்ச் மாதத்திலேயே பாடசாலைகள் மூடப்பட்டன. பிள்ளைகள் இரண்டு மாதத்திற்கும் மேலான படிப்பை இழந்தனர். அதே ஆண்டு ஜூலையில் மாநில சட்டசபை, பாடசாலைகளின் நடைமுறைச் செலவுக்கான ஆதனவரியையே நீக்கிவிட்டது. மாற்று வழி எது என்பது 1994 மார்ச் 15இல் மக்கள் வாக்குக்கு விடப்பட்டது. விற்பனை வரியை 4 வீதத்திலிருந்து 6 வீதமாக உயர்த்த ஏறக்குறைய 69 வீதமானோர் சம்மதித்தனர். சிகரெட் வரியும் கூடியது. ஆதனவரி முற்றாக ஒழியவில்லை. வரிக்குரிய பெறுமதியில் 1000 டொலருக்கு 6 டொலர் மாநிலத்திற்குச் செல்கிறது. வியாபார ஆதனங்களுக்கு இதைவிட 18 டொலர் வரையிலான உள்ளூர் வரி உண்டு. சொந்தக் குடியிருப்பு வீடும் விவசாய நிலமும் அந்த உள்ளூர் வரியிலிருந்து விலக்கப்பட்டன. கமக்காரரின் சுமை குறைந்தது.

இதைவிட முக்கியமான மாற்றம் ஒன்றுண்டு. ஒவ்வொரு மாணவனுக்கும் இவ்வளவு என்று மாநிலமே ஒரு தொகையை நிர்ணயித்தது. மிகக் குறைவாகப் பெற்றுவந்த ஊர்களுக்கு அத்தொகை உயர்த்தப்பட்டது. பிள்ளை வேறு வட்டாரப் பாடசாலைக்கு மாறினால் பணமும் அங்கே செல்லும். காணியை விட்டு ஊர் மாறி வந்தவர்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

ஆயினும் குறைகள் இல்லாமல் இல்லை. விற்பனை வரியில், ஏழையின் வருமானத்திலிருந்து போகும் பங்கு பணக்காரனுடையதைவிடக் கூடியது. வியாபாரம் படுத்தால் வரியும் படுத்துவிடும். 2009இல் மாணவர்க்கான தொகை வெட்டப்பட்டது. பிள்ளைகள் குறையும் கிராமத்தில் பணம் குறைகிறது. ஆனால் கூரைக்கும் பஸ்ஸுக்கும் ஆகும் செலவு குறைவதில்லை. கட்டிடச் செலவு இன்னும் உள்ளூர் ஆதனவரியிலேயே தங்கியிருக்கிறது. குறைந்த தொகைக்கும் பொது அடிப்படைத் தொகைக்கும் இடையிலான இடைவெளி 2021இல்தான், 8700 டொலர் என்ற அளவில், மூடப்பட்டது. அதற்கு 27 ஆண்டுகள் சென்றன. அப்போதும் சில செல்வந்த வட்டாரங்கள் மேலதிகமாகப் பெற்றன.

எமது நாட்டில் 1945இல் இலவசக் கல்வி ஏற்பட்டது முதல் பாடசாலைச் செலவின் பெரும்பகுதியைப் பொது வருமானமே தாங்குகிறது. காணியை இழந்து வந்த குடும்பத்தின் பிள்ளைக்கு அது ஒரு பாதுகாப்பு. எனினும் மதில் கட்ட, மேசை திருத்த என்று பெற்றோரிடம் பணம் சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. அத்தகைய கூட்டத்தில் நாம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். கேட்கும் தொகை குடும்பத்தின் வசதிக்கு ஏற்றதா? கொடுக்க முடியாதவரின் பிள்ளை ஒதுக்கப்படுகிறதா? அரசு செய்ய வேண்டிய செலவை நாம் சுமக்கிறோமா?

மிச்சிகன் மக்கள் வரியை மாற்றினார்கள். ஆனால், யாரிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுக்கிறோம் என்ற கேள்வியை எந்த வரியும் தானாகத் தீர்ப்பதில்லை. அதை ஆண்டுதோறும் கேட்க வேண்டியவர்கள் பெற்றோராகிய நாமே.