நாட்பட்ட இடுப்பு வலி: படுத்துக்கொண்டால் தீருமா?

அண்மையில் கோபிசெட்டிபாளையம் அருகே ஒரு கிராமத்தில், நெல் வயலில் கோனோவீடர் கருவியை இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தோம். குனியாமல் நின்றபடியே களையை அழுத்திவிடலாம் என்று நான் சொன்னதும், கூட்டத்தில் இருந்த ஓர் அம்மாள் கேட்டார்: "ஏனுங்க சார், எனக்கு இடுப்பு வலி வந்து ரெண்டு வருசமாச்சுங்க. வலிக்கறப்ப வேலை செஞ்சா உள்ள நரம்பு அறுந்து போயிருமுங்களா?"

ஒன்றரை ஏக்கர் நிலமும் இரண்டு கறவை மாடுகளும் இருந்த குடும்பம் அது. ஸ்கேன் படத்தைக் காட்டி, "தட்டு தேய்ந்துவிட்டது" என்று சொல்லக் கேட்ட நாள் முதல் அவர் வயலில் இறங்கவில்லை. நடவுக்கும் களைக்கும் கூலி ஆள். ஒரு மாட்டை விற்றுவிட்டார்கள்.

பயிர் நோயைப் பற்றி எழுதும் பக்கத்தில் மனிதர் நோவைப் பற்றி எழுதுவதா என்று சிலர் நினைக்கலாம். நான் மருத்துவன் அல்லன். என் முனைவர் பட்டம் வேளாண்மையில் வாங்கியது. ஆனால் விவசாயியின் இடுப்பு படுத்துவிட்டால் எந்த நெல் ரகத்தைச் சிபாரிசு செய்து என்ன பயன்? ஆகவே மருத்துவ ஆராய்ச்சிகளைப் படித்தும், இத்துறை மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்ததை இங்கே தருகிறேன்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை 'நாட்பட்ட வலி' என்கிறார்கள். அரிவாள் பட்ட காயத்தில் எழும் வலியும் இதுவும் ஒன்றல்ல. காயம் ஆறியபின்பும் நரம்பு மண்டலமும் மூளையும் எச்சரிக்கையை நிறுத்தாமல் இருப்பதே பெரும்பாலான நாட்பட்ட வலிக்குக் காரணம். ஒரு முறை திருடன் புகுந்த வீட்டு நாய், பிறகு சருகு அசைந்தாலும் குரைக்கிறது அல்லவா? அதுபோலத்தான். வலி கற்பனை என்று இதற்குப் பொருளல்ல, வலி உண்மையானது. வலிக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ அறுந்துகொண்டிருக்கிறது என்பதுதான் தவறு. உறக்கம் கெட்டாலும், கடன் கவலை மிகுந்தாலும் இந்த வலி கூடும்.

ஸ்கேன் படத்தைக் கண்டு அஞ்சுவோர் ஒன்றை அறிய வேண்டும். இடுப்பு வலியே இல்லாத சுமார் 3,100 பேரின் ஸ்கேன் படங்களை ஆராய்ந்த 33 ஆய்வுகளின் தொகுப்பு 2015இல் வெளியாயிற்று. அதன்படி, வலியில்லாத 50 வயதுக்காரர்களில் 100க்கு 80 பேருக்குத் தட்டுத் தேய்மானம் இருந்தது. 20 வயதினரிடமே 100க்கு 37 பேருக்கு இருந்தது. தலை நரைப்பது போன்றதுதான் பெரும்பாலான தேய்மானம். ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லாதபோது ஸ்கேனுக்காகக் கடன் வாங்குவது தேவையற்றது.

எனக்கும் இதில் அனுபவம் உண்டு. கிராமம் கிராமமாக மோட்டார் சைக்கிளில் சுற்றியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஓரிடத்தில் மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்க வேண்டாம் என்றும், மாதக்கணக்கில் பெல்ட் அணியுமாறும் சொன்னார்கள். அப்படியே செய்தேன். எழுந்தபோது வலியும் இருந்தது, காலில் இருந்த பலமும் போயிருந்தது. நடக்க ஆரம்பித்த பிறகுதான் தேறினேன்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலிக்கென வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. வலியைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, பயிற்சி பெற்றவர் செய்யும் மசாஜ், மனநலச் சிகிச்சை ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. இடுப்புப் பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலி வந்து தேறிய 701 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2024இல் வெளியாயிற்று. இயன்முறை மருத்துவரின் ஆலோசனையுடன், வாரம் ஐந்து நாள், அரை மணி என்ற அளவுக்குப் படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப, நடுத்தரக் கணக்கில் 208 நாட்கள் ஆயின. மற்றவர்களுக்கு 112 நாட்களிலேயே திரும்பிவிட்டது.

"நாங்கள் நாளெல்லாம் நடக்கிறோமே" என்பீர்கள். முதுகில் தெளிப்பானைச் சுமந்து வரப்பில் நடப்பது இந்தக் கணக்கில் சேராது. சுமையின்றிக் கை வீசி நடக்க வேண்டும். முதல் வாரம் பத்து நிமிடம் போதும்.

வயல் வேலையில் நாம் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. வலி குறைந்த நாளில் நான்கு நாள் வேலையை ஒரே மூச்சில் முடிப்பது, பிறகு மூன்று நாள் படுத்துவிடுவது. வலியைப் பார்த்து வேலை செய்யாமல், கடிகாரத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். இருபது நிமிடம் குனிந்து களை எடுத்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிமிர்ந்து, நின்று செய்யும் வேறு வேலைக்கு மாறுங்கள். அடுத்த வாரம் இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். வேலையின்போது சிறிது வலி கூடினால் அஞ்ச வேண்டாம். மறுநாள் காலையிலும் குறையவில்லை என்றால், முந்தைய அளவுக்குத் திரும்பினால் போதும்.

16 லிட்டர் தெளிப்பானை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. 10 லிட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம். மருந்தின் அளவையும் அதற்கேற்பக் குறைக்க மறக்க வேண்டாம். யூரியா மூட்டை 2018 முதல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தாலும், அதைத் தனியாளாகத் தூக்குவது வீரமல்ல. வயலுக்கு வேண்டியதை இரண்டு பாத்திரங்களில் பிரித்து எடுத்துச் செல்லுங்கள். கோனோவீடரும் லேசான வேலை என்று சொல்லமாட்டேன். தண்ணீர் சரியான அளவில் நிற்காத வயலில் தள்ளுவது தோளை வாங்கிவிடும். மேட்டு நிலப் பயிருக்கு நீண்ட கைப்பிடியுள்ள களைக்கொத்தி நல்லது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் மிகவும் கவலை தருகின்றன. டைக்ளோஃபினாக் போன்றவற்றைக் குறைந்த அளவில், சில நாட்களுக்கு, மருத்துவர் சொல்லிச் சாப்பிடலாம். ஆனால் வெயிலில் வியர்த்து, போதிய தண்ணீர் குடிக்காத உடம்பில் இம்மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வயிற்றில் புண்ணையும் உண்டாக்கும். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்கள் தாமாகத் தொடவே கூடாது. என்ன மருந்து என்று சொல்லாமல் போடப்படும் 'வலி ஊசி'யில் ஸ்டீராய்டு இருக்கலாம். அன்று சுகம் தெரியும். திரும்பத் திரும்பப் போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு நொய்ந்துபோகும்.

சர்க்கரை நோயாளிகளின் பாத எரிச்சல் நரம்பு வலியாகும். இதற்குச் சாதாரண வலி மாத்திரை பயன்படாது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், டுலோக்செடின் போன்ற மருந்துகளே இதற்குக் கேட்கின்றன. "எனக்கென்ன பைத்தியமா?" என்று சீட்டைக் கிழித்துவிட வேண்டாம்.

இதுவரை சொன்னது சாதாரண நாட்பட்ட வலிக்கு. சிறுநீர், மலம் கட்டுப்படாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் பலம் குறைந்துகொண்டே வருதல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். மரத்திலிருந்து விழுந்தபின் வந்த வலியையும், இரவில் படுத்தாலும் தணியாத வலியையும் உடனே காட்ட வேண்டும்.

அந்த அம்மாளை மீண்டும் மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். இத்தகைய அறிகுறி எதுவும் இல்லை என்று அவர் உறுதி சொன்னபின், வரப்பில் கால் மணி நடையிலிருந்து தொடங்கியிருக்கிறார். தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விசாரியுங்கள். போகும்போது இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் காலி அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.