15 வயதை நெருங்கும் ஜிப்ஸியை குருகிராமிலிருந்து கோவைக்கு ஓட்டி வரலாமா? கிளம்பும் முன் செய்ய வேண்டியது என்ன?

குருகிராமில் எட்டு வருஷ வேலை. இப்போது கம்பெனி, ‘கோவை ஆபீஸுக்கு வந்துடுங்க’ என்கிறது. கட்டில், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் பேக்கர்ஸ் லாரியில் ஏறிவிடும். சிக்கல், பார்க்கிங்கில் நிற்கும் 2012 மாடல் மாருதி ஜிப்ஸிதான். விற்க மனசு இல்லை. விட்டுவிட்டுப் போகவும் முடியாது. ‘வண்டி நல்லாத்தானே ஓடுது, அப்படியே ஓட்டிட்டுப் போயிடலாம்’ என்று தோன்றும்.

ஓட்டிக்கொண்டு வரலாம். ஆனால் வார இறுதியில் மலைப்பாதையில் 60 கி.மீ. ஓடுவதும், ஆறு நாளில் 2,500 கி.மீ. ஓடுவதும் ஒன்றல்ல. ஜிப்ஸி, பழைய தார், பொலேரோ என எந்த ஆஃப்-ரோடு வண்டியாக இருந்தாலும் தயாரிப்பு ஒன்றரை மாதம் முன்பே தொடங்க வேண்டும். ஏன், எப்படி? பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு அவசரம்?

தனிநபர் வாகனங்களின் ஆர்.சி 15 வருடம் வரை செல்லும். அதன் பிறகு ஃபிட்னெஸ் சோதனையில் தேறினால் 5 வருடம், 5 வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். தமிழ்நாடு உட்பட நாட்டின் பெரும்பகுதியில் இதுதான் நடைமுறை.

டெல்லியும் அதைச் சுற்றியுள்ள தலைநகர் வட்டாரமும் விதிவிலக்கு. 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளும், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளும் அங்கே ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. குருகிராமும் இந்த வட்டாரத்துக்குள்தான் வருகிறது. 2025 ஜூலையில் டெல்லி பங்குகளில் பழைய வண்டிகளுக்கு எரிபொருள் கிடையாது என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் கொடுத்தது. இந்த விஷயத்தில் உத்தரவுகள் மாறிக்கொண்டே இருப்பதால், கிளம்பும் தேதியில் எது அமலில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

2012 மாடல் ஜிப்ஸிக்கு 2027-ல் 15 வயது முடிகிறது. அங்கேயே நின்றால் அதன் கதை கிட்டத்தட்ட முடிந்த மாதிரி. ஆர்.சி உயிரோடு இருக்கும்போதே தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டால் இன்னும் சில வருடம் சட்டப்படியே ஓடும். அதனால் இந்த இடமாற்றத்தை நம்பித்தான் வண்டியின் எதிர்காலமே இருக்கிறது.

முதல் வேலை மெக்கானிக்கிடம் இல்லை, ஆர்.டி.ஓ-விடம்!

பலரும் வண்டியைத் தயார் செய்து முடித்த பிறகுதான் பேப்பரைத் தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

என்.ஓ.சி: வேறு மாநிலத்தில் பதிவு செய்ய, தற்போதைய ஆர்.டி.ஓ-விடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். படிவம் 28. பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கலாம். நிலுவையில் இருக்கும் இ-சலான் எல்லாவற்றையும் கட்டி முடித்திருக்க வேண்டும். லோன் முடிந்தும் ஆர்.சி-யில் வங்கியின் பெயர் நீக்கப்படாமல் இருந்தால், அதை முதலில் நீக்க வேண்டும்.

புதுப் பதிவு எண்: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 47-ன்படி, ஒரு வண்டி 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கே புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். இதற்குப் படிவம் 27. வண்டியின் வயதைப் பொறுத்து தமிழ்நாட்டு சாலை வரியும் உண்டு. பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கான தொகையைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அதற்குத் தனியாக அலைய வேண்டும்.

புதுப்பிப்பு: ஆர்.சி முடிவதற்கு 60 நாட்கள் முன்பிருந்து படிவம் 25 மூலம் விண்ணப்பிக்கலாம். 15 வயது தாண்டிய கார், ஜீப்புகளுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக மத்திய அரசு உயர்த்தியது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் சேரும். பட்ஜெட்டில் இதற்கும் இடம் ஒதுக்குவது நல்லது.

இன்னொரு விஷயம், மாடிஃபிகேஷன். பழைய ஜிப்ஸியில் பெரிய டயர், முன்பக்க இரும்பு பம்பர், கூரை மேல் லைட் வரிசை எல்லாம் சகஜம். முன்பக்க இரும்புத் தடுப்புகள் விதிமீறல் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. தயாரிப்பாளரின் அடிப்படை அமைப்புக்கு முரணான மாற்றங்கள் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கூறியது. புது ஊர் ஆர்.டி.ஓ-வில் வண்டியை நேரில் நிறுத்தும்போது இவை கண்ணில் படும். கழற்ற வேண்டியதைக் கிளம்பும் முன்பே கழற்றிவிட்டால் எடையும் குறையும்.

அப்படியே சேஸிஸ் எண் தெளிவாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். 15 வருஷத் துரு எண்ணையே தின்றிருக்கும். அதிகாரிக்கு எண் படிக்க முடியாவிட்டால் ஃபைல் அங்கேயே நின்றுவிடும்.

ஓட்டுவதா, ஏற்றி அனுப்புவதா?

கார் கேரியர் லாரியில் அனுப்புவது தோல்வி இல்லை. சேஸிஸில் ஓட்டை விழும் அளவு துரு, இன்ஜினில் நீல நிறப் புகை, ஓரிரு நாளில் கூலண்ட் அளவு குறைவது, 60 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் ஆட்டம் ஆகியவற்றில் ஒன்று இருந்து, சரி செய்ய நேரமில்லை என்றாலும் ஏற்றி அனுப்புவதே புத்திசாலித்தனம்.

அப்படி அனுப்பினால் டிரான்ஸிட் இன்ஷூரன்ஸ் எடுங்கள். நான்கு பக்கமும், உள்ளேயும், ஓடோமீட்டரையும் போட்டோ எடுத்து வையுங்கள். வண்டிக்குள் சாமான் எதையும் வைக்காதீர்கள்.

மெக்கானிக் லிஸ்ட்: எதை மாற்றுவது, எதைப் பார்ப்பது?

பழைய வண்டி நடுவழியில் நிற்பதற்குப் பெரும்பாலும் இன்ஜின் காரணமாக இருக்காது. நூறு, இருநூறு ரூபாய் ரப்பர்தான் காரணமாக இருக்கும். கி.மீ. குறைவாக ஓடியிருந்தாலும் ரப்பருக்கு வயசாகும்.

கூலிங்: ரேடியேட்டர் ஹோஸ்களை அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தாலும், கொழகொழவென்று இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட், ஃபேன் பெல்ட், கூலண்ட் எல்லாவற்றையும் ஒரே தடவையில் புதுசாகப் போடலாம்.

டைமிங் பெல்ட்: ஜிப்ஸியின் 1.3 லிட்டர் இன்ஜினில் இருப்பது செயின் இல்லை, பெல்ட். கடைசியாக எப்போது மாற்றினோம் என்று தெரியாவிட்டால், மாற்றவே இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் அது அறுந்தால் பயணம் அத்துடன் முடிந்தது.

எரிபொருள் ஹோஸ்: இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இந்தக் கலவையை எதிர்பார்த்து 2012-ல் ரப்பர் ஹோஸ்களைத் தயாரிக்கவில்லை. விரிசலோ பெட்ரோல் வாசனையோ இருந்தால் ஹோஸையும் ஃபியூயல் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பிரேக்: முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம்மைத் திறந்து பார்க்காமல் ‘ஓகே’ சொல்லும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்து ஆவியாகும். அப்போது பெடல் ‘பொசுக்’கென்று உள்ளே போகும். இரண்டு வருடம் ஆகியிருந்தால் முழுதாக மாற்றுங்கள்.

அடிப்பகுதி: நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். புஷ், ஷேக்கிள் பின், யூ-போல்ட் எல்லாவற்றையும் பார்த்து இறுக்க வேண்டும். உடைந்த இலை ஒன்று இருந்தாலும் லோடு ஏற்றியதும் வண்டி ஒரு பக்கமாகச் சாயும். புரொபெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டுகளுக்கு கிரீஸ் அடிக்க வேண்டும். கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்-பின் டிஃப்ரென்ஷியல் என நாலு இடத்திலும் ஆயில் மாற்ற வேண்டும். தண்ணீரில் இறங்கிய வண்டி என்றால், வடித்த ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வரலாம். உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். சீல், பேரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

டயர்: பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். ‘2319’ என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தும் விரிசல் விட்டிருந்தால் அது நெடுஞ்சாலைக்கு ஆகாது. ஸ்டெப்னியையும் பார்க்க மறக்காதீர்கள். பெரும்பாலும் வண்டியிலேயே வயதான டயர் அதுதான்.

வேலை எல்லாம் முடிந்ததும் மறுநாளே கிளம்பிவிடக் கூடாது. குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி இருக்கட்டும். அதற்குள் லோடு ஏற்றி 200, 300 கி.மீ. ஒரு சோதனை ஓட்டம் போய்வர வேண்டும். புது ஹோஸின் கிளிப் லூஸாக இருந்தால் அது வீட்டுப் பக்கத்தில் தெரியட்டும், ஆதிலாபாத் காட்டுக்குள் தெரிய வேண்டாம். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் 50 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

‘சும்மா பின்னாடி போட்டுக்கலாம்’ என்றால்?

ஜிப்ஸியின் பின்பக்கம் பார்க்கப் பெரிசாகத் தெரியும். ஆனால் அதிகபட்ச மொத்த எடையிலிருந்து வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் ஆட்கள், சாமான், கூடுதல் பம்பர் எல்லாவற்றுக்குமான கணக்கு. கனமான பெட்டிகள் தரையோடு, பின் சீட்டை ஒட்டி இருக்கட்டும். கூரை மேல் இலேசான சாமான் மட்டும். உயரமான, அகலம் குறைந்த வண்டியில் மேலே எடை ஏறினால் வளைவில் அது புரளும் ஆபத்து கூடும்.

சாஃப்ட்-டாப் என்றால் பூட்டு என்பதே பேச்சுக்குத்தான். சர்ட்டிஃபிகேட், லேப்டாப், நகை எதுவும் இரவில் வண்டியில் இருக்கக் கூடாது.

கையோடு எடுத்துக்கொள்ள வேண்டியவை: ஃபேன் பெல்ட், ஒரு ஹோஸ், கிளட்ச் கேபிள், ஃபியூஸ், பல்பு, ஃபியூயல் ஃபில்டர், இன்ஜின் ஆயில், கூலண்ட், டோ கயிறு, ஜாக்கி, சக்கர ஸ்பானர், பஞ்சர் கிட், எச்சரிக்கை முக்கோணம். ஜிப்ஸி விற்பனை நின்று பல வருடமாகிவிட்டதால் சின்ன ஊர்க் கடையில் பாகம் கிடைக்கும் என்று உறுதியில்லை. மாட்டத் தெரியாவிட்டாலும் பாகத்தைக் கையில் வைத்திருங்கள். மாட்டித் தர உள்ளூர் மெக்கானிக் கிடைப்பார்.

ஆறு நாள், ஒரே நெடுஞ்சாலை

பாதை எளிது. ஆக்ராவிலிருந்து சேலம் வரை பெரும்பாலும் தேசிய நெடுஞ்சாலை 44-தான். குவாலியர், ஜான்சி, சாகர், சியோனி, நாக்பூர், ஆதிலாபாத், ஹைதராபாத், கர்னூல், அனந்தபூர், பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம். அங்கிருந்து 544-ல் கோவை.

ஜிப்ஸிக்கும் ஓட்டுபவருக்கும் சுகமான வேகம் 70, 80 கி.மீ. தினமும் 350 முதல் 475 கி.மீ. என்று வைத்தால் ஜான்சி, சியோனி, நிர்மல், கர்னூல், பெங்களூரு என ஐந்து இரவு தங்கல். ஆறாவது நாள் கோவை. கார் மூன்று நாளில் போகிறதே என்று போட்டி போட வேண்டாம்.

டிசம்பர், ஜனவரியில் டெல்லி முதல் குவாலியர் வரை அடர்ந்த பனிமூட்டம். மே மாதம் நாக்பூர் வெயில் பழைய ரேடியேட்டருக்குச் சோதனை. பிப்ரவரி, மார்ச் அல்லது அக்டோபர், நவம்பர் நல்லது. சியோனி-நாக்பூர் இடையே சாலை பெஞ்ச் புலிகள் காப்பகத்தைக் கடக்கிறது. விலங்குகள் கீழே கடந்துபோக அங்கே சாலையையே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பகுதியைப் பகலிலேயே தாண்டிவிடுங்கள்.

டேங்க் 40 லிட்டர்தான். லோடோடு லிட்டருக்கு 10 கி.மீ. என்று கணக்கு வைத்தால் 250 கி.மீ-க்கு ஒருமுறை நிரப்புவது பாதுகாப்பு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சக்கரத்தின் நடுப்பகுதி அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் பேரிங்கோ பிரேக்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறதே என்று காய்ந்த தார் ரோட்டில் போடக் கூடாது. ஜிப்ஸியில் முன்-பின் அச்சுகளுக்கு நடுவே டிஃப்ரென்ஷியல் கிடையாது. பிடிப்புள்ள சாலையில் வளையும்போது அச்சுகள் ஒன்றை ஒன்று முறுக்கி பாகங்கள் உடையும். முன் சக்கர ஹப்பையும் ‘ஃப்ரீ’யில் வையுங்கள்.

கடைசி நாள்தான் உண்மையான பரீட்சை

2,200 கி.மீ. தாண்டி, தமிழ் போர்டுகள் கண்ணில் பட்டதும் ‘வந்துட்டோம்’ என்று மனசு தளரும். அப்போதுதான் தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாய் வருகிறது. விபத்துகளுக்குப் பேர்போன இறக்கம் இது. முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரிகள், வண்டியில் முழு லோடு, ஐந்து நாள் அசதி வேறு.

இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள். வேகத்தை இன்ஜினே பிடித்துக்கொள்ளும். பிரேக்கை விட்டுவிட்டு அழுத்துங்கள், காலை அதிலேயே வைத்திருக்காதீர்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டவே கூடாது. ஒன்றரை மாதம் முன் மாற்றிய பிரேக் ஆயிலுக்கும், திறந்து பார்த்த டிரம்முக்கும் இங்கேதான் பலன் தெரியும்.

கோவை வந்த பிறகு வண்டியை கவர் போட்டு மூடிவிட்டு ‘ஆர்.டி.ஓ வேலையை அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விடுவதுதான் பலரும் செய்யும் தவறு. முதல் மாதத்திலேயே இன்ஷூரன்ஸில் முகவரியை மாற்றி, என்.ஓ.சி-யோடு விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். ஆர்.சி தேதி முடிந்துவிட்டால், இவ்வளவு தூரம் ஓடி வந்த வண்டியை தெரு முனைக்குக்கூட சட்டப்படி எடுக்க முடியாது.