வடக்கு லைனில் ஒரு நாள்

கடையை விட்டு எழுந்தால் வியாபாரம் கெட்டுவிடும் என்பது நம்மில் பலரின் எண்ணம். நாமும் நாற்பது ஆண்டுகளாக அப்படித்தான் இருந்தோம். அரியலூரில் உட்கார்ந்துகொண்டு பெரம்பலூர் மாவட்டத்தின் வடகோடிக் கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிறோம். அந்தக் கடைகள் நமக்குப் பேரேட்டில் உள்ள பெயர்கள் மட்டுமே. சென்ற மார்கழியில் பாக்கி ஏறிவிடவே, கணக்குப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு நேரில் புறப்பட்டோம்.

இரயில் அரியலூரோடு சரி. பெரம்பலூர் நகருக்கு இன்றும் இரயில் கிடையாது; எல்லாச் சரக்கும் லாரியில்தான் போக வேண்டும். பெரம்பலூரில் காலைப் பலகாரம் முடித்து ஆத்தூர் சாலையில் திரும்பினோம். எசனை தாண்டி வேப்பந்தட்டை. பருத்தி ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊர் இது. அங்கு இரண்டு கடைகளில் பாதிப் பணம் வசூலாயிற்று. கிருஷ்ணாபுரத்தில் சாலையைப் பிரிந்து அரும்பாவூர் சென்றோம். இவ்வூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மேற்கே பச்சைமலை தெரிய, வழியெல்லாம் மானாவாரி மக்காச்சோளம் கதிர் முற்றி நின்றது.

கடைசியாகப் பூலாம்பாடிப் பக்கம் ஒரு சிறு மளிகைக் கடை. இரண்டு மாதப் பாக்கிக்காக நாம் சரக்கை நிறுத்திய கடை அது. கடைக்காரர் முகம் சுளிக்காமல் தேநீர் வாங்கித் தந்தார். "சோளம் அறுத்தாத்தாங்க முதலாளி ஊருக்கே காசு. அதுவரைக்கும் எல்லாருக்கும் நோட்டுலதான் எழுதிக் குடுக்கிறேன். நீங்க நிறுத்தினதும் வீட்டு நகையை வச்சு ஆத்தூர்ல ரொக்கத்துக்கு எடுத்தேன்" என்றார். நமக்குப் பதில் வரவில்லை.

ஊர் திரும்பியதும் பழைய பேரேடுகளைப் புரட்டினோம். ஒவ்வோர் ஆண்டும் மாசிக்குள் அவர் கணக்கு நேராகியிருந்தது. 2018-இல் படைப்புழு விழுந்து மக்காச்சோளம் பாழானபோது மட்டும் தவணையாகக் கட்டியிருக்கிறார். அதிலும் ஒரு ரூபாய் குறையவில்லை. மார்கழியில் கேட்டு, இல்லை என்றதும் நிறுத்தியது நம் தவறு. நாணயமான ஒரு வாடிக்கையை ஆத்தூருக்கு அனுப்பி வைத்தவர்களும் நாமே. மறுநாளே சரக்கு ஏற்றினோம். தை கடைசியில் பணம் வந்து சேர்ந்தது.

உறுப்பினர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். நகரக் கடைக்கு வாரக் கெடு சரி. மானாவாரி ஊர்க் கடைக்கு அறுவடையை ஒட்டிக் கெடு வையுங்கள்; அதற்கேற்பக் கடனுக்கு ஓர் உச்ச அளவும் வையுங்கள். சரக்கை நிறுத்துமுன் மூன்று ஆண்டுப் பேரேட்டைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது உங்கள் லைனில் நீங்களே போய் வாருங்கள். டீசல் செலவு வீண் போகாது.