கழிவுநீர் குடிநீராகும் வழியில் யார் நிற்கிறார்கள்?

1820களில் ஜான் சல்லிவன் உருவாக்கிய உதகை ஏரிக்குக் கோடப்பமந்து கால்வாய் இன்று ஊரின் கழிவுநீரையும் கொண்டுவருகிறது. ஏரியிலிருந்து வெளியேறும் நீர் காமராஜ் சாகர் அணையை நோக்கிப் போகிறது. காந்தலில் சுத்திகரிப்பு நிலையம் உண்டு; புதைசாக்கடையில் சேராமல் கால்வாயில் விழும் நீர் அதற்குள் நுழைவதே இல்லை. குன்னூர் ஆறும் தன் நகரத்துச் சாக்கடையைச் சுமந்து, கல்லாற்றின் வழியே பவானியில் கலக்கிறது. பவானியைச் சமவெளி ஊர்கள் குடிக்கின்றன. ஆகவே, கழிவுநீரைக் குடிக்கலாமா என்னும் கேள்வி காலம் கடந்தது. நாம் அதைத் திட்டமின்றிக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

திட்டமிட்டுக் குடிப்போரும் உண்டு. நமீபியத் தலைநகர் வின்ட்ஹோக் 1968 முதல் கழிவுநீரை மீட்டுக் குடிநீரில் கலக்கிறது. சிங்கப்பூர் 2003இல் தொடங்கியது. சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு நிலையங்கள் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டரை மீட்கும் திறனுடையவை. அந்த நீர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அங்கே நுண்சவ்வுகளின் வழியே நீரை அழுத்திப் பிழியும் ஆர்.ஓ. முறை கையாளப்படுகிறது. அம்முறையில் மிஞ்சும் உப்புக்கழிவைக் கடலோர நகரம் எங்கேனும் தள்ளிவிடலாம். மலையில் அது ஓடைக்கே திரும்பும். ஓசோனையும் கரிவடிகட்டியையும் நம்பும் வின்ட்ஹோக் முறையே நீலகிரிக்குப் பொருந்தும் என்று கருதுகிறோம். அந்நகரம் ஆலைக்கழிவை வீட்டுக்கழிவோடு கலக்கவிடுவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

ஆனால் நம் நாட்டில் தண்ணீரின் தூய்மையை ஆய்வகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கரும் தோழர்களும் நீர் அருந்தியபின், சாதி இந்துக்கள் அதில் சாணமும் கோமியமும் ஊற்றித் ‘தூய்மை’ செய்தனர். 2022இல் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. மலத்தைக் குடிநீராக்கும் பொறியியலை ஏற்கும் சமூகம், அக்குழாயின் அடைப்பை எடுப்பவரை ஏற்குமா?

கழிவுநீரை மீட்கும் திட்டம் வளர வளர, புதைசாக்கடையும் நீளும். ஆள்நுழைவுக் குழிகள் பெருகும். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்வது நல்லதே. குழிக்குள் இறங்கும் வேலையே ஒழிய வேண்டும். சரிவுத் தெருக்களில் நுழையும் சிறிய இயந்திரங்களும், ஒப்பந்தமில்லா நிரந்தரப் பணியும் திட்டச்செலவின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

இன்னொன்று: மீட்ட நீர் யாருக்கு? வின்ட்ஹோக்கில் அது மற்ற நீரோடு கலந்தே ஊருக்குப் போகிறது. உதகையில் பார்சன்ஸ் பள்ளத்தாக்கு நீர் விடுதிகளுக்கும், மீட்ட நீர் தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளுக்கும் என்று பிரியாமல், ஒரே குழாயில் வரும் என்று திட்ட அறிக்கையிலேயே எழுதச் சொல்ல வேண்டும்.