லயத்துச் சுவரைத் தாண்டும் வைஃபை: வீட்டு வலையமைப்பை அமைப்பதும் காப்பதும்

வீட்டு வைஃபை வலையமைப்புக்கு நடுநாயகம் ரவுட்டர். அது ஒரு பக்கம் இணையத்தைப் பெற்று, மறுபக்கம் வானொலி அலைகளாக மடிக்கணினிக்கும் கைபேசிக்கும் பரப்புகிறது. உடப்புசல்லாவைத் தேயிலைத் தோட்டப் பகுதியில் ஃபைபர் கம்பி எட்டாத லயங்களில் (வரிசை வீடுகளில்), பெரும்பாலும் டயலொக் அல்லது எஸ்.எல்.டி. மொபிடெல் சிம் போட்ட 4ஜி ரவுட்டர்தான் வழி. அதுவும் இல்லாத வீட்டில் கைபேசியின் ஹொட்ஸ்பொட் அந்த வேலையைச் செய்கிறது. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு, பிள்ளைகள் சிக்னல் தேடி மேடேறிய நாட்களுக்குப் பிறகு, தோட்டத்து வீட்டில் இணையம் ஆடம்பரப் பொருளல்ல.

ரவுட்டரை எங்கே வைப்பது என்பதுதான் முதல் கேள்வி. ஏறத்தாழ 950 முதல் 1,600 மீட்டர் உயரம் வரை பரந்த இந்தத் தேயிலை மலைகளில், கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மலைத்தோள் நின்றால் சிக்னல் செத்துவிடும். பலரும் மூடுபனியைக் குறை சொல்வார்கள்; ஆனால் 4ஜி அலைவரிசைகளில் பனியால் வரும் பாதிப்பு மிகச் சொற்பம். தகரக் கூரையும் தடித்த கற்சுவரும்தான் உண்மையான தடைகள். ஆகவே ரவுட்டரை உள்காம்பராவின் அலுமாரிக்குள் ஒளித்து வைக்காமல், கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னலருகே, இஸ்தோப்புப் பக்கம் உயரமாக வைத்து, சிக்னல் கோடுகள் கூடுகின்றனவா என்று பார்த்துப் பார்த்து நகர்த்த வேண்டும். இரண்டு அலைவரிசை உள்ள ரவுட்டர் என்றால், சுவர் தாண்டிப் போக 2.4 கிகாஹேர்ட்ஸ் நல்லது. ஒரே அறைக்குள் வேகம் வேண்டுமானால் 5 கிகாஹேர்ட்ஸ். இடி மின்னல் வேளையில் பிளக்கைக் கழற்றிவிடுவது நல்லது.

அடுத்து அமைப்பு வேலை. ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் அச்சிடப்பட்டிருக்கும். மடிக்கணினியின் பணிப்பட்டையில் வைஃபை குறியை அழுத்தி, அந்தப் பெயரைத் தேர்ந்து இணைந்த பிறகு, உலாவியில் 192.168.8.1 அல்லது 192.168.1.1 போன்ற முகவரியை அடித்தால் ரவுட்டரின் உள்பக்கம், அதாவது அமைப்புகளை மாற்றும் பக்கம், திறக்கும். எந்த முகவரி என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கும். இங்கே நுழைய இன்னொரு கடவுச்சொல் உண்டு. பழைய ரவுட்டர்கள் பலவற்றில் அது ‘அட்மின்’ என்ற ஒரே சொல். முதலில் மாற்ற வேண்டியதும் அதுதான். 2016இல் மிராய் என்ற தீய நிரல், இப்படி மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களை வைத்தே உலகெங்கும் லட்சக்கணக்கான ரவுட்டர்களையும் கமராக்களையும் கைப்பற்றியது.

பாதுகாப்பு வகையில் டபிள்யு.பி.ஏ.3 இருந்தால் அதையும், இல்லாவிட்டால் டபிள்யு.பி.ஏ.2ஐயும் தேர வேண்டும். 1997இல் வந்த வெப் (WEP) என்ற முறை 2001இலேயே உடைக்கப்பட்டுவிட்டது; அதைத் தொடவே கூடாது. பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தோ இணைக்கும் டபிள்யு.பி.எஸ். வசதியையும் அணைத்துவிடலாம். அந்த எண்ணை 11,000 முயற்சிகளுக்குள் கண்டுபிடித்துவிட முடியும் என்பது 2011இல் வெளிவந்தது.

வைஃபை கடவுச்சொல்லில்தான் பல வீடுகள் கோட்டை விடுகின்றன. மறக்காமலிருக்கத் தொலைபேசி இலக்கத்தையே வைத்துவிடுகிறார்கள். இலங்கைக் கைபேசி இலக்கம் 07இல் தொடங்கும். மீதி எட்டு இலக்கங்களுக்குப் பத்துக் கோடிச் சாத்தியங்கள்தான். இணைப்பு நேரத்தில் பரிமாறப்படும் தகவலை ஒருவர் பிடித்து வைத்துக்கொண்டால், விளையாட்டுக்கு வாங்கும் கணினி ஒன்றே சில நிமிடங்களில் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து எழுதினால் மனதிலும் நிற்கும், உடைப்பதும் கடினம்.

இதில் லயத்துக்கே உரிய ஒரு நிலைமை உண்டு. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஒரு வீட்டு வைஃபை இரு பக்கமும், முதுகுப்புற வரிசையிலும் தாராளமாகப் பிடிக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் படிக்கக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது, சொல்லவும் தேவையில்லை. பல ரவுட்டர்களில் ‘கெஸ்ட் நெட்வர்க்’ என்ற விருந்தினர் வலையமைப்பு உண்டு. அதற்குத் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். அதில் இணைபவர் இணையத்தைப் பயன்படுத்தலாம். வீட்டு மடிக்கணினியையோ ரவுட்டரின் உள்பக்கத்தையோ எட்ட முடியாதபடி தடுத்துவைக்கலாம். லய வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான வசதி ரவுட்டரில் வேறில்லை. ஆனால் எந்தக் கடவுச்சொல்லும் கைமாறிப் பரவினால், டேட்டா பெக்கேஜ் மாதம் முடியுமுன் தீர்ந்துபோவது சின்ன விஷயம். பெரிய சிக்கல் வேறு: சிம் வீட்டுக்காரரின் அடையாள அட்டை இலக்கத்தில் பதிவானது. அந்த இணைப்பில் யார் என்ன செய்தாலும் விசாரணை முதலில் வந்து நிற்பது அவர் வாசலில். எடுத்துக்காட்டாக, அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி தண்டனைக்குரியது.

மடிக்கணினியின் பக்கமும் கவனம் வேண்டும். விண்டோஸ் அமைப்பில், இணைந்த வைஃபையின் பண்புகளைத் திறந்தால் ‘பப்ளிக்’, ‘பிரைவேட்’ என இரு தெரிவுகள் இருக்கும். பலர் பகிரும் இணைப்பில் ‘பப்ளிக்’கே சரி; அப்போது மற்றக் கருவிகளின் கண்ணுக்குக் கணினி தெரியாது. ஃபயர்வோலை அணைக்கக் கூடாது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், முடிந்த கணினிகளை விண்டோஸ் 11க்கு மாற்றிக்கொள்வது நல்லது. ரவுட்டரின் மென்பொருளையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

ரவுட்டரின் உள்பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும். மாதம் ஒரு முறை அதைப் பாருங்கள். தெரியாத கருவி தென்பட்டால் கடவுச்சொல்லை மாற்றினால் போதும், அது வெளியேறிவிடும். கணக்கு திருடப்பட்டது, பணம் போனது போன்ற அளவுக்கு விஷயம் முற்றியிருந்தால், இணையப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.