வேலூர்க் கோட்டையில் ஒரு விடியற்காலை

வகுப்பில் அமெரிக்க சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். 1770-ஆம் வருஷம் மார்ச் மாதம் 5-ஆம் தேதி, பாஸ்டன் நகரத்து வீதியில் பிரிட்டிஷ் சோல்ஜர்கள் ஜனக்கூட்டத்தைச் சுட்டு, ஐந்து பேர் மாண்ட கதை அது. பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "நம் பக்கத்தில் இப்படி ஒன்றும் நடக்கவில்லையா, ஸார்?" என்று கேட்டான். கணியம்பாடியிலே பஸ் ஏறினால் சற்று நேரத்தில் கண்முன் நிற்பது வேலூர்க் கோட்டை! அந்த ஞாயிற்றுக்கிழமையே பையன்களை அங்கே அழைத்துச் சென்றேன்.

1806-ஆம் வருஷம் ஜூலை 10-ஆம் தேதி அதிகாலையில் நடந்த கிளர்ச்சிக்குத் தலைப்பாகையே காரணம் என்று சொல்லுவார்கள். சென்னைச் சேனையின் பிரதம சேனாதிபதி ஸர் ஜான் கிரடாக் புதிய உடை விதிகளைப் புகுத்தினார். நெற்றியில் சமயச் சின்னம் கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும். தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும். இன்று ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தோல் தொழிலால் பிழைக்கின்றன. அன்றைய சிப்பாய்க்கோ, அது எந்த மிருகத்தின் தோலோ என்ற சந்தேகமே போதுமானதாக இருந்தது. ஹிந்துவும் முஸ்லிமும் ஒருங்கே மனம் குமுறினார்கள்.

ஆனால், தலைப்பாகையை விட முக்கியமானது மே மாதத்தில் நடந்தது என்பது என் அபிப்பிராயம். அப்போது வேலூரிலிருந்த சிப்பாய்கள் துப்பாக்கியைத் தொடவில்லை. "இதை அணிய மாட்டோம்" என்று வாயால்தான் சொன்னார்கள். அதற்குக் கிடைத்த பதில் ராணுவ விசாரணை! ஒரு ஹிந்து, ஒரு முஸ்லிம் ஆகிய இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி. வேறு 19 பேருக்கு 500 அடி விதித்து, மன்னிப்புக் கேட்ட பின் விட்டார்கள். ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் வரப்போகும் ஆபத்தை முன்கூட்டி அறிவித்தான். அவனைப் பைத்தியக்காரன் என்று தள்ளிவிட்டார்கள்.

ஜூலை 9-ஆம் தேதி கோட்டையில் கலியாணம். சிறையிருந்த திப்பு சுல்தான் குடும்பத்துப் பெண்ணுக்கு மணம் நடந்தது. அன்றிரவு எல்லாரும் உறங்கிய பின் துப்பாக்கிகள் வெடித்தன. கோட்டைத் தளபதி கர்னல் பான்கோர்ட் மாண்டார். 69-வது ரெஜிமெண்டின் வெள்ளையர் நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிகளும் தப்பவில்லை. நம்மவர் செய்தது என்பதற்காக அதை மறைப்பது சரித்திரமாகாது. மைசூர்ப் புலிக்கொடி கோட்டைமேல் ஏறியது. பிறகு பலர் கொள்ளையில் இறங்கினார்கள். வாசலைக் காக்க வேண்டிய நேரம் அப்படிக் கழிந்தது.

வெளியே இருந்த மேஜர் கோட்ஸ் ஆர்க்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையுடன் பறந்து வந்து, கயிற்றைப் பற்றி மதில் ஏறினார். பின்தொடர்ந்து வந்த பீரங்கிகள் கதவைப் பிளந்தன. அதன் பின் நடந்ததைக் கேட்டபோது பையன்கள் பேச்சின்றி நின்றார்கள். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணை இல்லை. உடனிருந்த பிளாக்கிஸ்டன் என்ற ஆங்கில அதிகாரி, அதைத் தக்க தண்டனையென்றே பின்னாளில் எழுதி வைத்தார். அன்று கோட்டையில் மாண்ட சிப்பாய்கள் 350 பேர் என்பார்கள்; அதற்கு மேலும் என்பாருண்டு. பின்னர் நடந்த விசாரணையில் ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், ஐவரைத் துப்பாக்கியால் சுட்டார்கள், எண்மரைத் தூக்கிலிட்டார்கள்.

பாஸ்டனில் சுட்ட சோல்ஜர்களுக்கோ கோர்ட்டு கிடைத்தது. அவர்களுக்காக வாதாடியவர் குடியேறியவர்களின் கட்சியைச் சேர்ந்த ஜான் ஆடம்ஸ். பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியானவர். எட்டு சோல்ஜர்களில் அறுவர் விடுதலை பெற்றனர். இருவர் கைக்கட்டைவிரலில் சூடு போட்டுக்கொண்டு வீடு திரும்பினர். இதைச் சொன்னதும் அதே பையன், "அந்த நூறு பேருக்கு யார் ஸார் வக்கீல்?" என்றான்.

ஜூலை 17-ஆம் தேதி, அதாவது ஒரே வாரத்தில், தலைப்பாகை உத்தரவு ரத்தாயிற்று. மே மாதத்திலேயே அதைச் செய்திருக்கலாம். அடுத்த வருஷம் கிரடாக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் லண்டனிலிருந்து திருப்பி அழைத்தார்கள். திப்புவின் புதல்வர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். மீரத்தில் 1857-ல் அடுத்த வெடிச்சத்தம் கேட்க இன்னும் ஐம்பது வருஷம் இருந்தது.

வெயில் ஏறிவிட்டது. ஜலகண்டேசுவரர் ஆலயத்தைப் பார்த்துவிட்டு, அகழிக்கரை வழியாகப் பஸ் நிலையத்துக்கு நடந்தோம். பையன்கள் வழி நெடுகத் திரும்பித் திரும்பிக் கோட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.